99.5 சதவீதம் என்று எழுதினால் போதுமா? ட்ரெப்ரோஸ்டினில் காப்புரிமை மேல்முறையீட்டில் தோற்ற கதை

கேள்வி இது: "யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் ட்ரெப்ரோஸ்டினிலைப் பழைய முறையைவிடச் சுத்தமாகத் தயாரித்ததாகச் சொல்லிக் காப்புரிமை வாங்கியது. பிறகு அது ரத்தாகி, மேல்முறையீட்டிலும் தோற்றது. தெரிந்த ஒரு சேர்மத்தை இன்னும் சுத்தமாக எடுத்தால் அதற்குக் காப்புரிமையே கிடையாதா?"

கிடைக்கும். ஆனால் தூய்மையைச் சொல்லும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எதிர்ப்பு வந்தால் நிற்பது அதைவிட அரிது. 99.5 என்ற எண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை. மிச்சமுள்ள அரை சதவீதத்தில் என்ன இருக்கிறது, எது போயிற்று, அது போனதால் என்ன மாறியது என்பதில்தான் வழக்கு நிற்கும். இந்த வழக்கில் க்ளெய்ம் (காப்புரிமையில் உரிமை கோரும் வாசகம்) அந்த அரை சதவீதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முதலில் வேதியியல். ட்ரெப்ரோஸ்டினில் என்பது, ரத்த நாளங்களை விரிக்கும் உடலின் இயற்கைப் பொருளான புரோஸ்டாசைக்ளின் போன்ற ஒரு செயற்கை மூலக்கூறு. நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தத்துக்கான மருந்து. ரெமோடுலின் என்ற பெயரில் 2002-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. சிறு பம்ப் வழியாகத் தோலடியில் தொடர்ந்து செலுத்துவது. தயாரிப்பு நீளமானது. வழக்குக்குத் தேவை கடைசிப் படிகள் மட்டும். மோரியார்ட்டி குழு 2004-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இதழில் வெளியிட்ட வழியில், ட்ரையால் என்னும் இடைப்பொருளைக் குளோரோஅசிட்டோநைட்ரைலுடன் ஆல்கைலேஷன் செய்து நைட்ரைலாக்குவார்கள். அதை சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் (column) ஓட்டிச் சுத்தம் செய்வார்கள். பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் நீராற்பகுத்து, அமிலம் சேர்த்து ட்ரெப்ரோஸ்டினிலை எடுப்பார்கள். கட்டுரையில் அவர்கள் கொடுத்த ஹெச்பிஎல்சி (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவிமுறை) தூய்மை 99.7 சதவீதம். இந்த எண் பின்னால் மறுபடியும் வரும்.

யுனைடெட் தெரப்யூட்டிக்ஸின் புது வழி, 2007 டிசம்பர் முன்னுரிமைத் தேதியுடன் (புதுமையைக் கணக்கிடும் நாள்) விண்ணப்பித்து 2013-ல் 8,497,393 என்ற எண்ணில் காப்புரிமை பெற்றது. இதில் நைட்ரைலைப் பிரிப்புக் குழாயில் ஓட்டுவதில்லை. நீராற்பகுப்பு முடிந்ததும் டைஎத்தனோலமைன் சேர்த்து உப்பாக்குவார்கள். கரைசலைச் சூடாக்கி, சற்று ஆறியதும் வித்துப் படிகம் போட்டு, உப்பைப் படிகமாக இறக்கி வடிகட்டுவார்கள். வேண்டுமென்றால் அமிலம் சேர்த்து மறுபடி ட்ரெப்ரோஸ்டினில் ஆக்கலாம். இது ஏன் சுத்தப்படுத்துகிறது? வினைபுரியாமல் மிஞ்சிய ட்ரையால், நைட்ரைல், மெத்தில் எஸ்டர், எத்தில் எஸ்டர் இவற்றிலெல்லாம் அமிலத் தொகுதி இல்லை. அமீனோடு உப்பாக முடியாது, வடிநீரிலேயே தங்கிவிடும். இரண்டு ட்ரெப்ரோஸ்டினில்கள் ஒட்டிய இருமங்கள் கொஞ்சம் தொல்லை பிடித்தவை. அவற்றின் ஒரு முனையில் அமிலம் மிஞ்சியிருக்கும், ஆகவே உப்பாகக்கூடியவைதான். அவற்றை வெளியே தள்ளுவது படிகம் வளரும்போது அதன் அடுக்கில் பொருந்தாமை. அதனால்தான் படிகமாக்கலின் வேகம், வெப்பநிலை, வித்து எல்லாமே முக்கியம்.

ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இது நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. பெரிய பிரிப்புக் குழாயும், லிட்டர் லிட்டராக எரியக்கூடிய கரைப்பானும், அதன் கழிவும் மிச்சம். அப்படியிருக்க, செய்முறைக்கு மட்டும் உரிமை கோராமல் பொருளுக்கு ஏன் கோரினார்கள்? அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகளையும் அவற்றின் காப்புரிமைகளையும் காட்டி எஃப்டிஏ வைத்திருக்கும் ஆரஞ்சு புக் பட்டியலில் வெறும் செய்முறைக் காப்புரிமையைச் சேர்க்க முடியாது. பொருள் புதியதாக இருந்தால், செய்முறையால் விவரிக்கப்பட்ட பொருளுக்கான காப்புரிமையைச் சேர்க்கலாம். பட்டியலில் இருக்கும் காப்புரிமையை எதிர்த்து ஜெனரிக் நிறுவனம் வந்தால், உரிய காலத்தில் வழக்குப் போட்டு 30 மாதத் தடை வாங்கலாம். க்ளெய்ம் அந்த வடிவத்தில் எழுதப்பட்டதற்கு வேதியியலைவிட இந்தக் கணக்கு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

அந்த வடிவத்தில்தான் வம்பும் இருந்தது. முதல் க்ளெய்ம் சுருக்கமாக இப்படி: ஆல்கைலேஷன், காரத்தால் நீராற்பகுப்பு, ஒரு காரத்தோடு சேர்த்து உப்பாக்கல், விருப்பப்பட்டால் அமிலம் சேர்த்தல் ஆகிய படிகளால் தயாரிக்கப்பட்ட ட்ரெப்ரோஸ்டினில் அல்லது அதன் உப்பு அடங்கிய பொருள். தூய்மை என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டாவது க்ளெய்மில்தான் "குறைந்தது 99.5 சதவீதம்" வருகிறது. இப்படிப்பட்ட க்ளெய்முக்கு அமெரிக்கச் சட்டத்தின் நிலை 1985-ன் தார்ப் தீர்ப்பிலிருந்தே தெளிவு: செய்முறை எவ்வளவு புதியதாக இருந்தாலும், வெளியே வரும் பொருள் பழையது என்றால் காப்புரிமை இல்லை. ஒரே விலக்கு, அந்தச் செய்முறை பொருளின் அமைப்பிலோ செயலிலோ ஒரு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று காட்டுவது. ஆம்ஜென், ஹாஃப்மன்-லா ரோஷ் இடையிலான 2009 தீர்ப்பு இதற்கு அடிக்கடி காட்டப்படுகிறது.

ஆகவே யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் எடுத்த வாதம் இது ஒன்றுதான்: எங்கள் பொருளின் மாசுகளின் வகையும் அளவும் வேறு, மொத்தத் தூய்மையும் அதிகம், எனவே பொருளே வேறு. காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தபோது இதையே ஒரு உறுதிமொழி அறிக்கையாகக் கொடுத்தார்கள், பரிசோதகர் ஏற்றுக்கொண்டார். 2015-ல் போட்டி நிறுவனமான ஸ்டெடிமெட் காப்புரிமை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியத்தில் மறுஆய்வு மனுப் போட்டதும் அதே வாதம் எதிர்த்தரப்பு நிபுணரின் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்த 99.7-க்கு வருவோம். க்ளெய்ம் கேட்பது "குறைந்தது 99.5". 2004-லேயே அச்சில் வந்த எண் 99.7. அதாவது க்ளெய்ம் போட்ட கோடு பழைய கட்டுரையின் தூய்மைக்குக் கீழே இருக்கிறது! "எங்கள் சராசரி பழைய முறையின் சராசரியைவிட அதிகம்" என்று எத்தனை பேட்ச் தரவு காட்டினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. க்ளெய்ம் சராசரியைக் கோரவில்லை, 99.5-க்கு மேலிருக்கும் எல்லாவற்றையும் கோருகிறது. பழைய முறையில் ஒரே ஒரு பேட்ச் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலும் க்ளெய்மின் எல்லைக்குள் பழைய பொருள் வந்துவிடுகிறது.

தரவிலும் வலு குறைவு. இரு முறைகளின் சராசரிக்கும் இடையே இருந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். பழைய முறையில் சில பேட்ச்கள் புது முறையின் அளவுக்கே சுத்தமாக வந்திருந்தன. இரண்டு கூட்டங்களும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் "வேறு பொருள்" என்று சொல்ல முடியாது. பேட்சுக்குப் பேட்ச் வரும் இயல்பான ஏற்ற இறக்கமும் அளவீட்டின் பிழையும் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

அளவீட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹெச்பிஎல்சி தூய்மை என்பது பெரும்பாலும் ஏரியா பர்சன்ட்: கருவி வரையும் வரைபடத்தில் ஒவ்வொரு கூறும் ஒரு முகடாக, அதாவது பீக்காகத் தெரியும்; மொத்தப் பீக் பரப்பில் முக்கியப் பீக்கின் பங்கு. எவ்வளவு சிறிய பீக்கைக் கணக்கில் எடுப்பது என்பதை ஆய்வகம்தான் முடிவு செய்கிறது. ஒரு மாதிரியில் 0.20 சதவீதத்தில் ஒரு மாசும், 0.04 சதவீதத்தில் ஆறு மாசுகளும் இருக்கின்றன என்று வையுங்கள். மருந்து மாசுகளுக்கான ஐசிஹெச் க்யூ3ஏ என்ற சர்வதேச வழிகாட்டியில், தினசரி அளவு 2 கிராம் வரையுள்ள மருந்துக்கு 0.05 சதவீதத்துக்கு மேலுள்ளதைத்தான் அறிக்கையில் காட்ட வேண்டும். அந்தக் கோட்டை வைத்துக் கூட்டினால் மொத்த மாசு 0.20, தூய்மை 99.8. எல்லாவற்றையும் கூட்டினால் மாசு 0.44, தூய்மை 99.56. மாதிரி ஒன்றே, குப்பி ஒன்றே. 2004 கட்டுரையில் வந்த 99.7-ஐயும் தர ஆய்வகம் ஒன்று பின்னாளில் அளந்த 99.8-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் எவ்வளவு அர்த்தம் இருக்கும் என்று இதிலிருந்தே தெரியும்.

இன்னும் உண்டு. ஒளி உறிஞ்சாத மாசு யுவி டிடெக்டருக்குத் தெரியவே தெரியாது. நீர், மிச்சக் கரைப்பான், கனிம உப்பு எதுவும் ஏரியா பர்சன்ட்டில் வராது; 2 சதவீத ஈரம் கொண்ட பொருள் 99.9 காட்டும். எடைக்கு எடை பார்க்கும் அஸே வேறு கணக்கு: குறிப்புத் தரத்தோடு ஒப்பிடுவதால் 100.3 என்றுகூட வரும், அதற்கு மருந்து நூறு சதவீதத்தைத் தாண்டியது என்று பொருளல்ல. க்ளெய்மில் "தூய்மை" என்று மட்டும் எழுதி, இதில் எது என்று விவரணத்தில் சொல்லாமல் விட்டால், எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமான கணக்கை எடுத்துக்கொள்ளும்.

ஸ்டெடிமெட் கொண்டுவந்த இரண்டாவது ஆவணம் ஃபேர்ஸ் என்பவர் முதலான கண்டுபிடிப்பாளர்களின் சர்வதேச விண்ணப்பம், 2005 ஜனவரியில் வெளியானது. இதில் ட்ரெப்ரோஸ்டினிலின் டைஎத்தனோலமைன் உப்பே இருக்கிறது, இரண்டு படிக வடிவங்களோடு. தூய்மை எண் எங்கும் கொடுக்கப்படவில்லை. இங்கேதான் உருகுநிலை உதவிக்கு வந்தது. மாசு ஒரு படிகத்தின் உருகுநிலையைக் கீழே இறக்கும், உருகும் வெப்ப வீச்சையும் அகலப்படுத்தும். ஃபேர்ஸில் பி வடிவத்தின் உருகுநிலை 107 டிகிரி செல்சியஸ். யுனைடெட் தெரப்யூட்டிக்ஸின் காப்புரிமையில் அதே வடிவத்துக்குக் காணப்பட்டது அதைவிடச் சற்றுக் குறைவு. அப்படியானால் ஃபேர்ஸின் உப்பு குறைந்தபட்சம் அதே அளவு சுத்தம் என்பது வாதம். உருகுநிலை என்பது சூடேற்றும் வேகம், கருவி, படிக வடிவங்களின் கலப்பு இவற்றையெல்லாம் பொறுத்தது, அதை வைத்துத் தூய்மை சொல்லக் கூடாது என்று மறுதரப்பு சொன்னது. வேதியியலாக அந்த மறுப்பு தப்பில்லை. ஆனால் மறுஆய்வில் மனுதாரர் காட்ட வேண்டியது "பெரும்பாலும் இப்படித்தான்" என்ற அளவு மட்டுமே. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. காப்புரிமைதாரர் தன் பக்கம் ஃபேர்ஸ் முறையை அப்படியே திரும்பச் செய்து, "பாருங்கள், 99.5 வரவில்லை" என்று ஒரு எண்ணைக் காட்டியிருந்தால் உருகுநிலை வாதத்துக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

மூன்றாவதாகக் கவகாமியின் 1981 ஜப்பானிய விண்ணப்பம். நெருங்கிய உறவுள்ள ஒரு புரோஸ்டாசைக்ளின் சேர்மத்தை டைசைக்ளோஹெக்சைலமைன் உப்பாக்கிப் படிகமாகச் சுத்தம் செய்வது அதில் இருக்கிறது. கூடவே, கார்பாக்சிலேட் உப்போடு அமிலம் சேர்த்தால் அமிலம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லும் ஒரு கல்லூரிப் பாடநூல். பாடநூலைக் கொண்டுவந்தது சாதாரண விஷயமாகத் தெரியலாம்; "விருப்பப்பட்டால் அமிலம் சேர்த்தல்" என்ற கடைசிப் படியில் புதுமை இருக்கிறது என்று யாரும் வாதாட இடமில்லாமல் அது அடைத்துவிட்டது. செய்முறையை மட்டும் கோரியிருந்தாலும் மோரியார்ட்டி, ஃபேர்ஸ், கவகாமி மூன்றையும் சேர்த்து வைத்தால் தப்புவது கடினமாகத்தான் இருந்திருக்கும்.

2017 மார்ச் 31-ல் வாரியம் 22 க்ளெய்ம்களையும் ரத்து செய்தது. சில ஃபேர்ஸிலேயே முழுதாக இருப்பதால், மற்றவை ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியவை என்பதால். ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் விதி 36-ன்படி, காரணம் எழுதாமல் ஒரே வரியில் உறுதி செய்தது.

அந்த ஒரு வரியில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வாரியத்தின் இறுதி முடிவிலிருந்து 63 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்கலாம், ஆனால் அங்கே புது ஆய்வக முடிவு எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. பழைய ஆவணத்தில் என்ன இருந்தது, இரண்டு பொருள்களும் ஒன்றா வேறா என்பவை உண்மை பற்றிய கேள்விகள். போதிய ஆதாரம் இருந்தால் வாரியம் சொன்னதை நீதிமன்றம் தொடாது. சட்டக் கேள்வியை மட்டும்தான் புதிதாகப் பார்க்கும். தூய்மை வழக்குகளில் சண்டை கிட்டத்தட்ட முழுவதும் உண்மை பற்றியது. ஆகவே மேல்முறையீட்டுக்கான ஆதாரம் வாரியத்தில் முதல் பதில் போடும்போதே கோப்பில் இருந்தாக வேண்டும். (2018-ல் யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் ஸ்டெடிமெட் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. காப்புரிமை உலகில் இப்படியும் முடியும்.)

சரி, தூய்மையை வைத்து ஜெயித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அதுவும் இதே மூலக்கூறுக் குடும்பத்தில். ஸ்வீடனின் சூனே பெர்க்ஸ்ட்ரோம் குழு புரோஸ்டாகிளாண்டின்களைத் தூய நிலையில் பிரித்தெடுத்துக் காப்புரிமை கேட்டது. அவை இயற்கையிலேயே திசுக்களில் இருக்கின்றன, புதியவை அல்ல என்றது அலுவலகம். 1970-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது: தூய பொருளும் அது கலந்து கிடக்கும் அசுத்தமான பொருளும் ஒன்றல்ல. ஆனால் அது புதுமை பற்றிய வெற்றி. அடுத்த தடையான "எளிதில் தோன்றக்கூடியதா" என்பதில்தான் இன்று பலர் விழுகிறார்கள். 2007-ல் அவென்டிஸ், மும்பையின் லூபின் இடையே ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து பற்றிய வழக்கு. கலவையில் ஒரு ஐசோமர் (அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த வடிவம்) மட்டும்தான் வேலை செய்கிறது என்று எதிர்பார்க்கக் காரணம் இருந்தால், அதைப் பிரித்தெடுப்பது இயல்பாகவே தோன்றும் காரியம். பிரித்தது எதிர்பாராத பலன் தந்ததாகக் காட்டினால்தான் தப்பலாம் என்றது ஃபெடரல் சர்க்யூட். லூபின் ஜெயித்தது.

2016-ன் பர்டியூ, எபிக் வழக்கு இன்னும் கறாரானது. ஆக்சிகோடோன் என்ற வலிநிவாரணியில் 14-ஹைட்ராக்சிகோடினோன் என்ற மாசைப் பர்டியூ தரப்பினர் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) கீழே கொண்டுவந்தார்கள். அந்த மாசு கடைசிப் படியில் எங்கிருந்து முளைக்கிறது என்று கண்டுபிடித்தது உண்மையிலேயே அவர்கள்தான். ஆனால் மிஞ்சிய மாசை ஹைட்ரஜனேற்றத்தால் நீக்குவது தெரிந்த வழி; மூலம் தெரியாவிட்டாலும் அதே வழியைத்தான் எவரும் கையாண்டிருப்பார்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாசை நீக்கச் சொல்லி எஃப்டிஏ கேட்டதே, போட்டியாளர்களுக்கும் அதை நீக்க வலுவான காரணம் இருந்தது என்பதற்குச் சான்றாகிவிடும். ஒழுங்குமுறை அமைப்பு கடுமையான வரம்பு போட்டால் அது கண்டுபிடிப்பாளருக்கே சாதகம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் கொடுத்த டி 990/96 முடிவுதான் ஆட்சி செய்தது: சிறு மூலக்கூறு ஒன்றும் அதன் தயாரிப்பும் வெளியாகிவிட்டால், வேதியியலர் விரும்பும் எல்லாத் தூய்மையிலும் அது வெளியானதாகவே கொள்ளப்படும், வழக்கமான சுத்திகரிப்பு முயற்சிகள் எல்லாம் தோற்றன என்று காட்டினால்தான் விலக்கு. 2018-ல் டி 1085/13, லெர்கானிடிபைன் வழக்கு, இதை மாற்றிவிட்டது. பழைய ஆவணம் அந்தத் தூய்மையை நேரடியாகவோ, அதன் முறையைச் செய்தால் தவிர்க்க முடியாமல் வருவதாகவோ காட்டினால்தான் புதுமை போகும். கூடுதலாக ஒரு சுத்திகரிப்புப் படி தேவைப்பட்டால், அது புதுமைக் கேள்வி அல்ல, கண்டுபிடிப்புத் திறன் பற்றிய கேள்வி. என் பார்வையில் இதுதான் நேர்மையான வழி.

இந்தியாவில் நிலைமை வேறு. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின் விளக்கம் உப்பையும் தூய வடிவத்தையும் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது: செயல்திறனில் கணிசமான வித்தியாசம் காட்டாவிட்டால் அவை பழைய பொருளாகவே கருதப்படும். சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கிய நோவார்டிஸின் புற்றுநோய் மருந்தான கிளிவெக் வழக்கில் 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம், மருந்துக்கு அது சிகிச்சைச் செயல்திறன்தான் என்று தீர்த்துவிட்டது. ட்ரெப்ரோஸ்டினில் க்ளெய்மை இங்கே கொண்டுவந்தால் உப்பு, தூய வடிவம் என்று இரண்டு இடத்தில் மாட்டும். அலுவலகம் மறுத்தால் 117ஏ பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முன்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது.

இனி, தூய்மையை நம்பி விண்ணப்பிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது. மொத்தத் தூய்மை எண்ணை முதல் க்ளெய்மாக வைக்காதீர்கள். நீங்கள் நீக்கிய மாசைப் பெயர் சொல்லி, அதற்கு மேல்வரம்பு எழுதுங்கள்; அந்த வரம்பு பழைய முறையின் மிகச் சுத்தமான பேட்சுக்கும் கீழே இருக்க வேண்டும், சராசரிக்குக் கீழே இருந்தால் போதாது. பிரிப்புக் குழாய், மொபைல் ஃபேஸ் (அதில் ஓடும் கரைப்பான்), அலைநீளம், எந்த அளவுக்கு மேலுள்ள பீக் கணக்கில் வரும், மாசின் ஒப்பு ரெஸ்பான்ஸ் ஃபேக்டர் (டிடெக்டர் அதை முக்கியப் பொருளோடு ஒப்பிட எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பது) எல்லாம் விவரணத்தில் இருக்கட்டும்.

பழைய ஆவணத்தின் முறையை எழுத்துக்கு எழுத்து அப்படியே, குறைந்தது மூன்று பேட்ச், முடிந்தால் வெளி ஆய்வகத்தில் செய்யுங்கள். அதில் மறுபடிகமாக்கல் படி இருந்தால் அதை விட்டுவிட்டுச் செய்து "அசுத்தமாக வந்தது" என்று காட்டினால் குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் தாங்காது. புது மாதிரியையும் பழைய மாதிரியையும் ஒரே நாளில், ஒரே பிரிப்புக் குழாயில், ஒரே வரிசை இன்ஜெக்‌ஷனில் ஓட்டுங்கள். அலமாரியில் இருந்த பழைய பேட்சை எடுத்து இன்று செய்த புதியதோடு ஒப்பிடக் கூடாது. ட்ரெப்ரோஸ்டினில் போல அமிலமும் ஆல்கஹாலும் ஒரே மூலக்கூறில் இருக்கும் பொருள் சேமிப்பிலேயே தன்னோடு தானே எஸ்டராகி இருமம் உண்டாக்கக்கூடியது. நீங்கள் அளப்பது செய்முறையின் மாசா, வயதின் மாசா என்று தெரியாமல் போகும்.

வழக்கமான சுத்திகரிப்புகளைச் செய்து தோற்ற ஆய்வகக் குறிப்பேட்டுப் பக்கங்களைத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள். வெற்றிபெற்ற பேட்சின் பக்கத்தைவிட இவை அதிகம் உதவும். கடைசியாக, ஒழுங்குமுறைப் பிரிவுக்காரர்களோடு முன்கூட்டியே பேசுங்கள். செய்முறையை மாற்ற அனுமதி கேட்கும்போது "புதிய பொருள் பழையதற்குத் தரத்தில் சமம்" என்று எழுதுவது அவர்கள் வழக்கம், அவர்கள் வேலைக்கு அது சரியும்கூட. ஆனால் அதே மாதம் காப்புரிமை அலுவலகத்துக்கு "புதிய பொருள் பழையதிலிருந்து முற்றிலும் வேறு" என்று நீங்கள் எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு கடிதங்களையும் உங்கள் நிபுணர் முன்னால் அடுத்தடுத்து வைப்பார்.